அப்பாவை எழுப்பும் வேலை

தனேஸ்வரனைப் பார்த்ததும் அவன் மகள் மிர்த்திகா செய்கிற முதல் காரியம், சுட்டுவிரலை எடுத்து உதட்டின் மேல் வைப்பதுதான். ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடுவாள். கையில் பொம்மை இருந்தால் அதை மெல்லத் தரையில் வைப்பாள். பிறகு விரல். "ஷ்ஷ்" என்ற சத்தம்கூட வராது, உதடு மட்டும் குவியும். பார்க்கிறவர்கள், "எவ்வளவு அடக்கமான புள்ள!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். தனேஸ்வரனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஊரைக் கூட்டிக் கத்தாத பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

அவன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். கேமரன் மலையிலிருந்து இறங்கும் முட்டைக்கோசையும் தக்காளியையும் சிம்பாங் பூலாயில் ஏற்றிக்கொண்டு போய், கோலாலம்பூர் பெரிய பாசாரில் இறக்கிவிட்டு, விடிந்த பிறகு வீடு திரும்புவான். குளித்து, பசியாறிவிட்டுப் படுத்தால் மாலைவரை எழமாட்டான். ஆகவே அந்த வீட்டுக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலில் கனத்த போர்வை தொங்கும். கேட்டின் கீலுக்குச் சமையல் எண்ணெய் விட்டிருந்தார்கள். சில்வர் தட்டுகள் அலமாரியின் உச்சிக்கு ஏறி, பிளாஸ்டிக் தட்டுகள் கீழே இறங்கிவிட்டன. ரொட்டிக்காரரின் மோட்டார் அந்த வீட்டு வரிசைக்குள் திரும்பும்போதே பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டி ஹார்னை நிறுத்திவிடுவார். மிர்த்திகா நடக்கப் பழகியபோது யாரோ கொஞ்சம் பெரிய அளவில் ஒரு சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்கள், மிதித்தால் கீச் கீச்சென்று கத்துமே, அந்த வகை. தனேஸ்வரனின் மனைவி கலாதேவி மறுநாளே அதன் குதிகாலைக் கத்தியால் கீறி, உள்ளேயிருந்த ஊதிகளைப் பிடுங்கி ஊசி நூல் டப்பாவில் போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் செய்யச் சொல்லி அவன் யாரையும் கேட்டதில்லை. அந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் பழைய ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பால்மரம் வெட்டி, பால் சேர்த்து ஊற்றிவிட்டு, வெயில் ஏறி வந்து படுக்கும் ஆண்களுக்காக லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த காலம் ஒன்று உண்டு. பெண்களும்தான் மரம் வெட்டினார்கள். அவர்கள் வந்து சமைத்தார்கள். பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்தன. பகலில் ஆம்பளை தூங்கினால் பிள்ளைகள் வாயைப் பொத்த வேண்டும் என்பது மட்டும் சட்டி பானைகளோடு கூடவே லோரி ஏறி வந்துவிட்டது.

ஒரு நாள் அவன் முதலாளி தவுக்கேயின் லோரிக்கு கியர்பாக்ஸ் உடைந்தது. சாமான் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். அதே வாரம் வீரம்மா அக்காவின் மகளுக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் பிரசவம். அக்கா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கலாதேவி ஈப்போவில் ஹோட்டல் துணி துவைக்கும் டோபியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், லீவு கேட்கிற நிலைமையில் இல்லை. அதுவரை பகலில் மிர்த்திகாவைப் பார்த்துக்கொண்டது வீரம்மா அக்காதான்.

"நீங்கதான் சும்மா இருக்கப் போறீங்களே, பாத்துக்குங்க," என்றாள் கலா, சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"நானா? எனக்கு என்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியில சொல்லியா குடுத்தாங்க? பசிச்சா சோறு, நனைஞ்சா பம்பர்ஸ். அம்புட்டுதான் லா."

"அழுதா?"

கலா வாசலில் நின்று யோசித்தாள். "உங்க முன்னுக்கு அழமாட்டா," என்றாள்.

அதை அவன் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டான்.

முதல் நாள் பம்பர்ஸை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டான். வயிற்றில் இருக்க வேண்டிய கரடிப் படம் பின்னால் போய்விட்டது. மிர்த்திகா குனிந்து வயிற்றைப் பார்த்தாள், நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உப்புப் போட மறந்த பருப்புச் சோற்றைக்கூட ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டாள். நடந்தால் நுனிக்காலில் நடந்தாள். அலமாரிக் கதவை மூடும்போது இடுக்கில் தன் கையைக் கொடுத்து, சத்தம் வராமல் மூடினாள். தனேஸ்வரன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாப்பா, அப்பா சொல்லு. அப்பா," என்று பார்த்தான். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

இவ்வளவு லேசான வேலைக்கா பொம்பளைங்க இப்படி அலுத்துக்கிறாங்க என்றுதான் அன்றைக்கு நினைத்தான்.

மறுநாள் அவள் ஓடாமல் நடந்தே தடுக்கி விழுந்தாள். டிவி மேசை முனையில் நெற்றி இடித்தது. இடித்த சத்தம் அடுப்படியில் இருந்த அவனுக்குக் கேட்டது, அழுகை கேட்கவில்லை. ஓடிவந்து பார்த்தால் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, கண்ணிலிருந்து மளமளவென்று தண்ணீர் ஓடுகிறது. வாய் திறந்திருக்கிறது. திறந்த வாயைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தனேஸ்வரன் மண்டியிட்டான். தூக்கி மார்போடு அணைத்து, "அழும்மா, அழு, வலிக்குதா? கத்து!" என்று முதுகைத் தடவினான். அவள் உடம்பு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. இந்தப் பிள்ளையின் குரலை நாம் கேட்டதே இல்லையே? யோசித்து யோசித்துப் பார்த்தான். கைக்குழந்தையாக வீறிட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு? அவன் தூங்கட்டும் என்று காலையிலேயே அவளை வீரம்மா வீட்டில் விட்டுவிடுவார்கள். மாலையில் அவன் நிம்மதியாகக் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்று கலா அவளை ஊஞ்சல் திடலுக்குக் கூட்டிப் போய்விடுவாள். லீவு நாளில் பாதி தூக்கம், மீதி கோப்பிக்கடை. இரண்டு வயது தாண்டிய மகள் ஒரு சொல்கூடப் பேசி அவன் கேட்டதில்லை.

எங்க புள்ளைக்குப் பேச்சு வராதோ?

அடுத்த நாள் நல்லவேளையாக கிளினிக்கில் பிள்ளையின் எடையும் வளர்ச்சியும் பார்க்கிற முறை. தாய்மார்களுக்கு நடுவில் ஒரே ஆம்பளையாக மிர்த்திகாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் குமுதா மிஸ்ஸி எடை பார்த்தார், தலையளவு எடுத்தார்.

"பேச்சு எப்படி? ரெண்டு மூனு வார்த்தை சேத்துப் பேசுறாளா?"

"பேச மாட்டா மிஸ்ஸி."

"கொஞ்சமாவது?"

"ஒன்னும் இல்ல." அவன் மகளின் நெற்றி வீக்கத்தைத் தொட்டுக் காட்டினான். "அழுதாக்கூட சத்தம் வரல."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளைக்குப் பின்னால் போய் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். மிர்த்திகா சட்டென்று திரும்பினாள். கிலுகிலுப்பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு மிஸ்ஸியைப் பார்த்துக் கண்டிப்பாக விரலை உதட்டில் வைத்தாள்.

"காது நல்லாத்தான் கேக்குது," என்றார் மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இருந்தாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், டாக்டர் பாக்கட்டும். பயப்படாதீங்க. வூட்ல யாரு இவகூட பேசுறது?"

அவன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கலாதேவி வேலை முடிந்து வந்தபோது அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். மகள் அவன் காலடியில் பொம்மைக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். கலா கைப்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"யாரு, இவளா? இவளுக்கா பேச்சு வராது?" என்றாள். "இவ வாய மூட வைக்கத்தான் நாங்க படாத பாடு படுறோம். சரியான வாயாடி லா இவ!"

"சும்மா எனக்கு ஆறுதல் சொல்லாத கலா."

"அட, ஆறுதலாம்! பாப்பா, அம்மாகிட்ட சொல்லு, இன்னைக்கு எங்க போனீங்க?"

மிர்த்திகா அம்மாவைப் பார்த்தாள். ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

கலாவின் முகம் மாறியது. "நீங்க செத்த பின்னுக்குப் போய் நில்லுங்க," என்றாள் மெதுவாக. "செருப்புச் சத்தம் கேக்கணும். கதவையும் சாத்துங்க."

அவன் பின்கதவைச் சாத்திவிட்டு, காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்றான். அவனே காலையில் துவைத்துப் போட்டவை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவன் மனதுக்குள் நினைத்து வைத்திருந்த மெல்லிய குரல் இல்லை. கரகரவென்று, ஒரு குட்டி மேஸ்திரி மாதிரி அதிகாரமாக இருந்தது.

"ம்மா, அப்பா போயிருச்சா?"

"போயிட்டாரு."

"லோரி போச்சா?"

"போச்சு, போச்சு. நீ சொல்லு."

அவ்வளவுதான், மடை திறந்தது. "பூன வந்துச்சு ம்மா. மீனு தின்னுச்சு. நா போ போன்னேன். மிஸ்ஸி டக்கு டக்கு ஆட்டுது, அப்பா தூங்குது, மிஸ்ஸி சத்தம் போடுது, கூடாது. வீராம்மா இல்ல. வீராம்மா குட்டிப் பாப்பா பாக்க போச்சு. அப்பா சோறு வாணாம் ம்மா. அப்பா சோறு உப்பே இல்ல."

தனேஸ்வரன் கொடியில் கிடந்த துண்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. சத்தம் வரக்கூடாதே என்பது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம் என்று உறைத்தபோது, டிவி மேசையடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை கண்முன்னே வந்தாள்.

கதவைத் திறந்து உள்ளே போனான். குரல் அறுந்து நின்றது. விரல் உதட்டுக்குப் போனது.

"இப்படியா அவளப் பழக்கி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் தப்பு என்று தோன்றியது.

கலா குரலை உயர்த்தவில்லை. "நீங்க மலையடிவாரத்துலேருந்து அவ்வளவு பாரத்த ஏத்திக்கிட்டு ஓட்டுறீங்க. பகல்ல கண்ணு மூடலனா அங்க மூடிருவீங்களோன்னு எனக்கு பயம். ஒவ்வொரு நாளும் பயம்தான். வேற என்னாங்க செய்வேன்?"

அவனுடைய அப்பா அர்ச்சுனனும் பகலில் தூங்கிய மனிதர்தான். பால்மரம் வெட்டுகிறவர். லயத்து வீட்டின் அரைக்கதவு வழியாகத் தெரியும் அவருடைய இரண்டு உள்ளங்கால்களை இப்போது கேட்டாலும் தனேஸ்வரன் வரைந்து காட்டுவான். ரப்பர் பால் காய்ந்து கறுத்துப்போன வெடிப்புகள். ஆனால் அப்பா தன்னிடம் என்ன பேசினார் என்று யோசித்தால் ஒரு பேச்சும் ஞாபகத்துக்கு வரவில்லை. நல்ல மனிதர். அடித்ததே இல்லை. அவரை யாரும் எழுப்பியதும் இல்லை.

"அவ எங்கிட்ட பேசணும் கலா," என்றான்.

"பேசுவா. பகல் பூரா ஒங்ககூடத்தானே இருக்கா."

மறுநாளிலிருந்து அவன் வீட்டைச் சத்தத்தால் நிரப்பினான். போர்வையை ஜன்னலிலிருந்து கழற்றினான். சில்வர் தட்டுகளை இறக்கிக் கரண்டியால் தட்டினான். பாட்டு மாதிரி ஏதோ பாடினான். மிர்த்திகா திகிலோடு ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, விரலை உதட்டில் வைத்து, புருவத்தை நெரித்து அவனைப் பார்த்தாள். அப்பா தூங்குகிறபோது அப்பாவே சத்தம் போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

லோரிச் சேதி சொல்ல வந்த, பாரம் இறக்க அவன் கூடவே வரும் கெலிண்டான் பத்துமலைக்கும் அதே மரியாதைதான். அவன் கேட்டருகே நின்று, கொடியில் சின்ன ஜட்டிகளை மாட்டிக்கொண்டிருந்த தனேஸ்வரனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னா மச்சான், ஆயாக்கொட்டாய் தொறந்துட்டியா? எம் புள்ளையும் கொண்டாந்து விடவா?"

"கொண்டாந்து விடு. பெத்ததோட சரின்னு நீயும் சுத்துறவன்தானே."

"அடேயப்பா, பேச்சப் பாரு!" என்றவனின் காற்சட்டையை யாரோ இழுத்தார்கள். குனிந்தான். கீழே ஒரு விரலும் குவிந்த உதடும். பத்துமலை சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "யாரு தூங்குறா?"

"நான்தான்," என்றான் தனேஸ்வரன். நடந்ததையெல்லாம் சொன்னான். பத்துமலை தலையைச் சொறிந்தான்.

"நீ முழிச்சிருந்து அது பாத்ததே இல்ல, மச்சான். ஒன்ன எழுப்பலாம்னே அதுக்குத் தெரியாது. எம்மவன்கிட்ட நான் போனா அவனும் அம்மாகிட்ட ஓடுறான். ஏன்னு இப்பத்தான் வெளங்குது." அதற்குமேல் அவன் கிண்டல் செய்யவில்லை. போகும்போது மோட்டாரைத் தள்ளிக்கொண்டே போய், தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்தான்.

அடுத்தடுத்த நாட்களில் தனேஸ்வரன் தட்டுவதையும் பாடுவதையும் விட்டுவிட்டான். அவள் கூடவே இருந்தான், அவ்வளவுதான். குளிப்பாட்டினான். கண்ணில் சோப்புப் போகாமல் தலைக்கு ஊற்ற நெற்றியில் கைவைத்துத் தடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டான். சோற்றுக்கு உப்புப் போட்டான். வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற பூனையைப் பற்றி, ரொட்டிக்காரரைப் பற்றி, சிம்பாங் பூலாய் மலையில் கல்லுடைக்க வெடி வைத்தால் எப்படி அதிரும் என்பது பற்றி அவளிடம் பேசினான். கெலிண்டான் தூங்கிவிட, லோரியில் அவ்வளவு நேரம் தனியாக விழித்திருக்கிறவனுக்குப் பேச இவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அவள் கேட்டாள். பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் அவன் பேசப் பேச அவன் தொடையில் சாய்ந்துகொண்டாள்.

அன்றைக்கு இரண்டு வாளித் துணி துவைத்திருந்தான். அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, ஹாலில் பாயை விரித்து, "அப்பா ஒரு நிமிஷம் சாயுறேன் பாப்பா," என்று படுத்தவன் உண்மையிலேயே அசந்துவிட்டான்.

காதருகே ஏதோ சூடாகப் பட்டது. மூச்சு. அதற்குள் ஒரு சொல்.

"மழ."

விழித்துவிட்டான். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. பின்பக்கத்துத் தகரக் கூரையில் முதல் துளிகள் டொக் டொக்கென்று விழும் சத்தம் கேட்டது. ஈப்போ மழைக்குப் பொறுமை கிடையாது, இன்னும் சற்று நேரத்தில் கொட்டிவிடும். கொடியில் அவ்வளவு துணியும் கிடக்கிறது. கலாவின் சீருடையும்தான்.

"மழ," என்றாள் மறுபடி, கொஞ்சம் கூட்டி.

நாள் தவறாமல் வரும் இந்த மழைக்கு மட்டும் வீரம்மா அக்காவால் வாயை மூட முடியாது. "மழ! துணி!" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கத்துவார். தூக்கத்தில் அதைக் கேட்டு அவன் புரண்டு படுத்திருக்கிறான். அந்தக் கத்தலுக்குப் பின்னால் இன்னொரு குரலும் வரும், எதிரொலி என்று நினைத்திருந்தான். அது எதிரொலி இல்லை.

சின்னக் கால்கள் பின்கதவுக்கு ஓடின. திரும்ப ஓடிவந்தன. மறுபடி ஓடின. அவளுக்குள் நடக்கிற சண்டையை அந்தக் காலடிகளில் அவன் கேட்டான். துணி நனைகிறது. அப்பா தூங்குகிறார். துணி நனைகிறது. எழுந்து அவளை வாரி எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நனையட்டும். எல்லாத் துணியும் நனையட்டும்.

கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. இனி மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது.

"அப்பா!"

சின்னக் கை ஒன்று அவன் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"அப்பா! எந்திரி! மழ வருது! துணி நனையுது, எந்திரி, அப்பாஆஆ!"

எழுந்தான். கண்ணைத் திறந்து பார்த்தால் முகத்துக்கு நேரே அவள் முகம், கோபத்தில் மூக்கு விடைத்துக்கொண்டு. தான் என்ன செய்துவிட்டோம் என்று அந்த முகம் ஒரு கணம் பயந்தது. கை உதட்டை நோக்கிக் கிளம்பியது.

தனேஸ்வரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, மழ!" என்று அவளைவிடச் சத்தமாகக் கத்தினான். "வா, ஓடு, துணி! துணி!"

இருவரும் ஓடினார்கள். அவன் கொடியிலிருந்து உருவி உருவிப் போட, அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று அதிகாரம் செய்தாள். "அம்மா சட்ட! அது! அது இல்ல, அது! அப்பா, பாப்பா ஜட்டி!" எல்லாத் துணியும் பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. உள்ளே வந்து தலையைத் துவட்டும்போதும் அவள் நிறுத்தவில்லை. மழையைப் பற்றி, பூனை எங்கே போயிருக்கும் என்பது பற்றி, அப்பாவுக்குக் காது கேட்காதா என்பது பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு எதப் போட்டுக்கிட்டு நான் வேலைக்குப் போறது?" என்று அன்று மாலை கலா ஈரச் சீருடையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். "கண்ணு முழிச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"தூங்கிட்டேன்."

"அப்பா தூங்கிச்சு," என்று சாட்சி சொன்னாள் மிர்த்திகா, அவன் மடியிலிருந்து. "நாந்தான் அடிச்சேன்."

கலா திரும்பினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஈரத் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல அவன் கிளினிக்குக்குப் போனபோது, மகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்கும்வரை குமுதா மிஸ்ஸியால் அடுத்த பிள்ளையைக் கூப்பிட முடியவில்லை.

லோரி பட்டறையிலிருந்து வந்தது. வீரம்மா அக்கா பேரன் படங்களோடு வந்து சேர்ந்தார். கலாவின் பயம் பொய்யில்லை, அவன் தூங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே ஜன்னலில் போர்வை மறுபடி ஏறியது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரைதான். அதற்குப் பிறகு அவனை எழுப்புவது மிர்த்திகாவின் வேலை. எழுந்து அவளுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, பூனையைத் தேடி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, தூக்கம் மிச்சம் இருந்தால் அவளோடு சேர்ந்தே கொஞ்சம் படுத்துக்கொள்வான். மாலையில் தெளிவாகக் கிளம்புவான். லீவு நாளில் கோப்பிக்கடைக்கு அவளையும் தூக்கிக்கொண்டு போனான். பத்துமலை தன் மகனோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

கலாவின் ஊசி நூல் டப்பாவைத் துழாவி, சப்பாத்தின் ஊதியைத் தேடி எடுத்தான். ஒன்றுதான் கிடைத்தது. இடது குதிகாலில் வைத்து, பசை போட்டு ஒட்டினான்.

இப்போதெல்லாம் மத்தியானம் ஆவதற்குச் சற்று முன்பே அவனுக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. வீரம்மா அக்கா வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. "மெதுவா போ புள்ள, விழுந்துராத!" என்கிறார் அக்கா. பிறகு ஒரு கால் கீச்சென்று கத்தியும் மறு கால் கத்தாமலும் சின்ன நடை ஒன்று வாசலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி நெருங்கி வருகிறது. தனேஸ்வரன் அவசரமாகக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான்.